பிரான்ஸ் போய்ட்டு வந்து பேசிக்கலாம்

வீட்டு வேலைக்கு இருப்பவளைச் சுற்றுலாவுக்குக் கூட்டிப் போனால் அவளுக்கு இடம்தான் மாறும், வேலை மாறாது. புது இடத்து அடுப்பை எப்படிப் பற்றவைப்பது என்று தெரியாத கவலை மட்டும் கூடுதலாகச் சேரும். வளைகுடா நாடுகளில் அடுத்தவர் அடுக்களையில் நிற்கிற என் சகோதரிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நீங்களும் பட்டிருப்பீர்கள்.

நான் இருப்பது அமீரகத்தில், புஜைராவில். சார் பெயர் பிரபாகர். துறைமுகத்துப் பக்கம் எண்ணெய்த் தொட்டிகள் நிற்கிற யார்டில் சேஃப்டி ஆபீசர். மேடம் கவிதா, வீட்டில்தான் இருக்கிறார். பெரியவள் நிலா பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு படிக்கிறாள். சின்னவன் ஆதிக்கு நாலு வயது. அவன் பிறந்தபோது அவனைப் பார்த்துக்கொள்ள வந்தவள் நான். எனக்குச் சொந்த ஊர் குளச்சல் பக்கம். வீட்டுக்காரர் காலமாகிவிட்டார். ஒரே மகள் ஜெனிபர் நாகர்கோவிலில் நர்சிங் கடைசி வருஷம் படிக்கிறாள். அவள் படிப்பு வேகிறதெல்லாம் இந்த வீட்டு அடுப்பில்தான்.

இந்தக் கோடை லீவில் பிரான்ஸ் தேசத்துக் கிராமம் ஒன்றில் ஒரு கல்வீட்டை வாடகைக்கு எடுத்து, அங்கிருந்து தினம் ஓர் இடமாகக் காரில் போய்ப் பார்த்துவிட்டு வருவது என்று முடிவாயிற்று. ஆதியைக் கவனிக்க நானும் போக வேண்டும். பெட்டி கட்டும்போது மேடத்திடம் சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டேன். திரும்பி வந்ததும் ஆதிக்குப் பள்ளிக்கூடம் ஆரம்பமாகிவிடுமே, மத்தியானத்துக்கு என்ன கட்டிக் கொடுக்கலாம் என்று. மேடம் துணியை மடித்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "அவன் ஸ்கூலுக்குப் போக ஆரம்பிச்சா வீட்ல நிறைய மாத்த வேண்டியிருக்கும் அக்கா. பிரான்ஸ் போய்ட்டு வந்து பேசிக்கலாம்."

புஷ்பா சொன்ன ஆறுதல்

பக்கத்து பிளாட்டில் வேலை செய்கிற புஷ்பா மட்டக்களப்புக்காரி. லிப்டுக்குப் பக்கத்தில் குப்பைப் பையோடு நின்றவளிடம் விஷயத்தைச் சொன்னேன். எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு வார்த்தை. அதெல்லாம் ஒன்றுமில்லை அக்கா, சும்மா சொல்லியிருப்பார்கள் என்று அவள் சொல்லியிருந்தால் போதும், நிம்மதியாக விமானம் ஏறியிருப்பேன். பிள்ளைக்காக வைத்த ஆளைப் பிள்ளை பள்ளிக்கூடம் போனதும் எதற்கு வைத்திருப்பார்கள் என்று என் மனசு ஏற்கெனவே கேட்க ஆரம்பித்திருந்தது.

புஷ்பா குப்பைப் பையைக் கீழே வைத்துவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "ஓமக்கா, என்ட பழைய மேடமும் லண்டன் போய் வந்து கதைப்பம் எண்டுதான் சொன்னவ. வந்து கதைக்கல்ல. டிக்கெட்டைத்தான் தந்தவ."

வெயில் இறங்கட்டும்

புஜைராவில் கோடைக்காலத்தில் வெளியே போவதென்றால் எல்லார் வாயிலும் ஒரே பேச்சுதான்: வெயில் இறங்கட்டும். மத்தியானம் சாப்பிட்டு ஏசியில் படுத்து எழுந்து, இருட்டிய பிறகுதான் கார் சாவியைத் தேடுவோம். கடற்கரையும் கடைகளும் அதற்குப் பிறகுதான் களைகட்டும். பல வருஷப் பழக்கம் விமானம் ஏறினால் விட்டுப் போகுமா? முதல் நாள் மலைமேல் இருக்கிற கோட்டையைப் பார்க்கப் போவதாக ஏற்பாடு. வெயில் இறங்கட்டும் என்றார் சார். எல்லாரும் படுத்துவிட்டார்கள். நான் ஜன்னலைத் திறந்து திறந்து பார்த்தேன். காப்பி குடித்தாயிற்று, ஆதிக்கு இரண்டு தடவை சட்டை மாற்றியாயிற்று, சூரியன் மட்டும் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. அந்த ஊரில் கோடையில் ராத்திரிச் சாப்பாட்டு நேரம் வரைக்கும் பகல்தான் என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்?

கடைசியில் சார் பொறுமை இழந்து வண்டியை எடுத்தார். பளிச்சென்ற வெயிலில் மலை ஏறிப் போய்ச் சேர்ந்தால், டிக்கெட் கொடுக்கிற அம்மாள் பெரிய கதவைப் பூட்டிக்கொண்டிருக்கிறார். இவ்வளவு வெளிச்சம் இருக்கும்போது எப்படி மூடலாம் என்று சார் வாதாடினார். நானே தாமதம் செய்துவிட்ட மாதிரி எனக்குப் பதறியது. மேடம் முகத்தைப் பார்த்தேன். மேடம் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பயணம் முழுக்க அவர் கண் அந்தப் போனில்தான் இருந்தது. என் கண் அவர் மேல் இருந்தது. கதவைப் பூட்டிய அம்மாள் கோபப்படாமல் ஏதோ சொன்னார். நிலா அதைத் தமிழில் சொன்னாள்: "அப்பா, கோட்டை பல நூறு வருஷமா எங்கயும் போகலயாம். நாளைக்குக் காலையிலயும் இங்கதான் இருக்குமாம்."

இரண்டு ஹாரன்

புஜைராவில் டீ வேண்டுமென்றால் யாரும் காரை விட்டு இறங்குவதில்லை. கஃபடேரியா வாசலில் நிறுத்தி இரண்டு ஹாரன் அடித்தால் கடைப் பையன் ஓடி வருவான், ஜன்னல் வழியாகக் கையில் டீ வந்துவிடும். சார் அதை யோசித்துச் செய்வதில்லை. கடையைப் பார்த்தால் கை தானாக ஹாரனுக்குப் போகும். பிரான்ஸ் கிராமத்து ரொட்டிக் கடை வாசலிலும் போய்விட்டது. அது பூனை நடந்தால்கூடக் கேட்கிற தெரு. ஒரு நாய் குரைத்தது. மாடி ஜன்னல்கள் திறந்தன. எதிர்க் கடையில் முடி வெட்டிக்கொண்டிருந்தவர் கழுத்தில் துண்டோடு வெளியே வந்தார். ரொட்டிக் கடைக்கார அம்மாள் கையெல்லாம் மாவாக ஓடி வந்தார். சார் ஜன்னலை இறக்கி, ரொட்டி வேண்டும், டீ இருந்தால் அதுவும் வேண்டும் என்றார்.

அந்த அம்மாள் சாரை ஒரு முறை பார்த்தார். பிறகு குனிந்து காருக்குள் சாருடைய கால்களைப் பார்த்து, குரலைத் தாழ்த்தி ஏதோ கேட்டார். நடக்க முடியாதவரா என்று கேட்கிறார் என்று நிலா சொன்னபோது அவள் காது சிவந்துவிட்டது. சார் தெருவில் நின்ற எல்லாரையும் பார்த்தார். மெதுவாகத் தலையை ஆட்டினார். அந்த அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றிலிருந்து தினமும் எங்கள் கார் வந்து நின்றால் போதும், ஹாரன் இல்லாமலே சூடான ரொட்டி ஜன்னலுக்கு வந்தது. சாரால் அந்தத் தெருவில் இறங்கவே முடியாமல் போயிற்று. இல்லாத நோவை இருப்பதாகச் சொன்னால் அது உண்மையாகவே வந்துவிடும் சார் என்று நான் பயந்து போய்ச் சொன்னேன். சார் ரொட்டியை மென்றுகொண்டே சொன்னார்: "நான் வாயே திறக்கல அக்கா. தலையைத்தான் ஆட்டினேன்."

தோள் பை

வேலைக்காரியை ஊருக்கு அனுப்பிவைக்கும்போது நல்ல வீட்டுக்காரர்கள் ஒரு பை வாங்கித் தருவார்கள். அதற்குள் பால்பவுடர், சென்ட், சோப்பு, தைலம் எல்லாம் இருக்கும். வளைகுடாவில் இது எழுதாத சட்டம். புஷ்பாவின் பழைய மேடம் தந்த பை இன்னும் அவள் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. அதனால், வாரச் சந்தைக்குப் போன அன்று மேடம் தோல் பை விற்கிறவன் கடையை விட்டு நகராமல் நின்றபோது என் முறையும் வந்துவிட்டது என்றே எனக்குப் பட்டது. சந்தையில் பாலாடைக்கட்டி இருந்தது, தேன் இருந்தது, உயிரோடு வாத்து இருந்தது. மேடம் எதையும் பார்க்கவில்லை. பெரிய பழுப்பு நிறப் பை ஒன்றை எடுத்து, "அக்கா, கொஞ்சம் மாட்டிக் காட்டுங்க" என்று என் தோளிலேயே போட்டார்.

எப்படியாவது அதை வாங்கவிடாமல் செய்துவிட வேண்டும் என்று தோன்றியது. வாங்கினால்தானே அனுப்புவார்கள். ஜிப் சரியில்லை என்றேன். புஜைராவின் புழுக்கத்துக்குத் தோல் பூஞ்சணம் பிடித்துவிடும் என்றேன். வார் அறுந்துபோகும் என்றேன். மேடம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பையை வாங்கிவிட்டார். என் கையாட்டலையும் தலையாட்டலையும் பார்த்துக்கொண்டிருந்த கடைக்காரனுக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் தெரியும். அவன் சொன்னதை மேடம் சிரித்துக்கொண்டே எனக்குச் சொன்னார்: "பை வேண்டாம்னு சொல்ற புருஷன்களைத் தினமும் பார்க்கிறாராம். பொம்பளை சொல்லி இப்பதான் பார்க்கிறாராம்."

மழையில் பிக்னிக்

ஒரு நாள் காலையில் வானம் கறுத்து மழை பிடித்துக்கொண்டது. ஊர்க்காரர்கள் எல்லாரும் வீட்டுக்குள் போய்விட்டார்கள். சார் கையைத் தட்டி எல்லாரையும் எழுப்பி, மழை பெய்கிறது, கிளம்புங்கள் என்றார். இதில் எங்கள் வீட்டாருக்கு ஆச்சரியமே இல்லை. புஜைராவில் மழை என்பது வருஷத்தில் எப்போதாவது வருகிற விருந்தாளி. நாலு தூறல் விழுந்தால் போதும், சனங்கள் எல்லாரும் காரை எடுத்துக்கொண்டு மலைப்பக்கம் பார்க்கப் போய்விடுவார்கள். நான் எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்குப் பொரியலும் கட்டினேன். ஆற்றங்கரைக்குப் போனோம். படகு வாடகைக்கு விடுகிறவர் படகுகளையெல்லாம் கவிழ்த்துப் போட்டுவிட்டுத் தகரக் கொட்டகைக்குள் உட்கார்ந்திருந்தார். வேறு ஒரு ஆள் இல்லை.

சாரும் பிள்ளைகளும் முகத்தை மேலே தூக்கிக்கொண்டு நின்றார்கள். ஆதி வாயைத் திறந்து வைத்திருந்தான். மேடம் போனை என்னிடம் கொடுத்துவிட்டுச் செருப்பைக் கழற்றிப் புல்லில் நடந்தார். நான் மட்டும் குடையும் துண்டுமாக ஒவ்வொருவர் பின்னாலும் ஓடினேன். ஐப்பசி மழையைக் கூரை ஒழுக ஒழுகப் பார்த்து வளர்ந்தவள் நான். மழை எனக்கு வேடிக்கை இல்லை. தலை நனைந்தால் காய்ச்சல் வரும், காய்ச்சல் வந்தால் பிள்ளையைப் பார்க்கத்தானே உன்னைக் கூட்டி வந்தோம் என்பார்கள். நல்லவேளை, மாதா புண்ணியத்தில் ஒருவருக்கும் தும்மல்கூட வரவில்லை. கொட்டகைக்குள் உட்கார்ந்து படகுக்காரருக்கும் எலுமிச்சை சாதம் கொடுத்தோம். அவர் சாப்பிட்டுக்கொண்டே சொன்னதை நிலா சொன்னாள்: "மழை எப்ப நிக்கும்னு நான் கவலைப்படறேன், நின்னுடுமோன்னு நீங்க கவலைப்படறீங்களேங்கிறார்."

குகை வாசலில் காவல்

குகைக்குப் போக வேண்டிய நாளன்று மேடத்துக்குத் தலைவலி. நீங்களும் சாரும் பிள்ளைகளைக் கூட்டிப் போய் வாருங்கள் என்றார். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. என்ன ஆனாலும் எனக்கு போன் பண்ண வேண்டாம் அக்கா, நீங்களே சமாளித்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார். இது என்ன பரீட்சையோ என்று நினைத்துக்கொண்டே காரில் ஏறினேன். அந்தக் குகைக்குள் ஆதிகாலத்து மனிதர்கள் மாடும் குதிரையும் வரைந்து வைத்திருக்கிறார்களாம். வாசலைப் பார்த்ததும் சாருக்கு யார்டு ஞாபகம் வந்துவிட்டது. அங்கே எண்ணெய்த் தொட்டிக்குள் ஆள் இறங்க வேண்டுமென்றால் முதலில் காற்றைச் சோதிக்க வேண்டும், பெர்மிட் வேண்டும், வாசலில் ஒருவர் காவல் நின்று தலை எண்ண வேண்டும். கூட்டிப் போகிற வழிகாட்டியிடம் சார் அதையெல்லாம் கேட்டார். காற்றைச் சோதித்தது யார், வாசலில் நிற்பது யார். யாருமில்லை என்றார் வழிகாட்டி. சார் என்னை நிறுத்திவிட்டார். அக்கா, யாரும் உங்களைக் கேட்காமல் உள்ளே போகக் கூடாது என்று சொல்லிவிட்டு, நிலாவோடு உள்ளே போனார்.

சொன்ன வேலையைச் செய்யாமல் எனக்கு இருக்க வராது. ஆதியை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலை மறித்து நின்றேன். அடுத்த கூட்டம் வந்தது. எனக்கு பிரெஞ்சு தெரியாது. பதற்றத்தில் வாயில் வந்தது அரபிதான். மாஃபி, மாஃபி, இல்லை இல்லை என்று கையை விரித்தேன். நான் அங்கே வேலை செய்கிறவள் என்று நினைத்து ஒவ்வொருவராக டிக்கெட்டை என்னிடம் நீட்டினார்கள். நானும் ஒவ்வொன்றாக வாங்கிப் பார்த்து, வரிசையில் நிறுத்தினேன். வெளியே வந்த வழிகாட்டி, அமைதியாக வரிசையில் நின்ற கூட்டத்தையும் என்னையும் பார்த்தார். அவர் சாரிடம் சொன்னதை நிலா அப்படியே எனக்குச் சொன்னாள்: "உள்ளே மாடு வரைந்தவர்கள் யாரும் பெர்மிட் வாங்கவில்லை, மிஸ்யே. ஆனால் இந்த அம்மாவை இங்கேயே விட்டுவிட்டுப் போக முடியுமா?"

தலைவலி

வீடு வந்து சேர்ந்தோம். சார் காரை நிறுத்தப் போனார். கதவைத் திறந்த மேடத்தைப் பார்த்து நான் அப்படியே நின்றுவிட்டேன். மேலே இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, வாரிக் கட்டின தலை, உதட்டுச் சாயம். கீழே கரடி பொம்மை போட்ட நைட் பேண்ட். மேசையில் கம்ப்யூட்டர் மூடியிருந்தது. தலைவலிக்காரர் இப்படியா இருப்பார்? வீடியோவில் யாரிடமோ பேசியிருக்கிறார் என்பது மட்டும் எனக்கு விளங்கியது. ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரரைத் தவிர வேறு யாராக இருக்க முடியும்?

மேடம் என்னைத் தனியாக அழைத்துக் கேட்டார். யாராவது அழுதார்களா? இல்லை என்றேன். சாப்பிட்டார்களா? சாப்பிட்டார்கள். என்னைத் தேடினார்களா? ஆமாம், ரொம்பத் தேடினார்கள் என்று சொல்லிவைத்திருக்கலாம். வாய் வரவில்லை. இல்லை மேடம், ஒருவரும் கேட்கவில்லை என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான், கேட்கிறவருக்கு அது எப்படி இருக்கும் என்று உறைத்தது. மேடம் உதட்டுச் சாயத்தைத் துடைத்தார். பிறகு சொன்னார்: "அப்ப சரி அக்கா. எனக்கு அதுதான் தெரியணும்."

ரொட்டி செய்த அற்புதம்

ஊர் திரும்புகிற அன்று காலையில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம். விமானத்தில் சாப்பிட ரொட்டி வாங்கிக்கொள்ளலாம் என்று கடை வாசலில் நிறுத்தினோம். வீடு திரும்புகிற சந்தோஷத்தில் சாருக்கு எல்லாம் மறந்துவிட்டது. கதவைத் திறந்து இறங்கி, விறுவிறுவென்று நடந்து கடைக்குள் போய்விட்டார். நாங்கள் காருக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கடைக் கண்ணாடி வழியே, சார் பாதி வழியில் அப்படியே நிற்பது தெரிந்தது. நிலா ஓடினாள், பின்னால் நானும் ஓடினேன்.

கடைக்கார அம்மாள் இரண்டு கையையும் கன்னத்தில் வைத்துக்கொண்டு சாரைப் பார்த்தார். எதிர்க் கடை முடிவெட்டுகிறவரைக் கூப்பிட்டார். வந்தவர்களிடமெல்லாம் சாருடைய காலைக் காட்டிக் காட்டிச் சொன்னார். அவர் கண்ணில் சிரிப்பு இருந்ததா, நம்பிக்கை இருந்ததா என்று என்னால் இன்றைக்கும் சொல்ல முடியவில்லை. சார் தலையைக் குனிந்துகொண்டு கடையில் இருந்த ரொட்டியில் பாதியை வாங்கிவிட்டார். நிலா மட்டும் காதோடு சொன்னாள்: "அப்பா, அவங்க ரொட்டிதான் உங்களை நடக்க வச்சதாம். ஊர்ல எல்லார்கிட்டயும் சொல்லப் போறாங்களாம்."

உட்காருங்க அக்கா

புஜைராவுக்கு வந்த பிறகும் மேடம் ஒன்றும் பேசவில்லை. நான் பெட்டியைப் பிரித்துத் துவைத்துப் போட்டேன். என் துணிகளை மட்டும் பெட்டியிலேயே வைத்திருந்தேன். எப்படியும் மறுபடி கட்ட வேண்டியதுதானே. புஷ்பா தினமும் லிப்டுக்குப் பக்கத்தில் நின்று கண்ணாலேயே கேட்பாள். இன்னும் இல்லை என்று நான் தலையசைப்பேன். பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தின நாள் மேடம் அடுக்களைக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டு, உட்காருங்க அக்கா என்றார். மேசையில் அந்தப் பழுப்பு நிறப் பை இருந்தது. அவர் வாயைத் திறப்பதற்கு முன்னால் நானே முந்திக்கொண்டேன். ஜெனிபருக்குக் கடைசிப் பரீட்சை முடிகிற வரைக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் மேடம் என்றேன். எதை என்று கேட்டார். என்னை என்றேன்.

மேடத்துக்குப் புரிவதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். துறைமுகத்தில் ஒரு கப்பல் கம்பெனியில் கணக்கு வேலைக்கு மனுப் போட்டிருந்தாராம். நிலா பிறந்தபோது விட்ட வேலையாம். கிடைக்காவிட்டால் வெட்கமாகிவிடும் என்று சாரிடம்கூடச் சொல்லவில்லையாம். போனையே பார்த்துக்கொண்டிருந்தது அதற்காகத்தான். தலைவலி நாளில் நடந்தது இன்டர்வியூ. பை ஆபீசுக்கு. நேற்றுதான் வேலை உறுதியாயிற்றாம். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "நீங்க இல்லாம வீடு ஓடுமான்னு நான் பார்க்கல அக்கா. நான் இல்லாம ஒரு நாள் ஓடுமான்னுதான் பார்த்தேன். இப்ப நீங்க சொல்லுங்க, நான் வேலைக்குப் போகட்டுமா?"

கடைசியாகப் புஷ்பா

என்ன பதில் சொன்னேன் என்று எனக்குச் சரியாக நினைவில்லை. அந்தப் பையின் ஜிப் ரொம்ப நல்ல ஜிப், புழுக்கத்துக்கு ஒன்றும் ஆகாது என்று அழுதுகொண்டே சொன்னதாக மேடம் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார். அன்றைக்கே என் துணிகளைப் பெட்டியிலிருந்து எடுத்து அலமாரியில் அடுக்கினேன். ஜெனிபருக்கு போன் செய்து, ஒழுங்காகப் படி என்று காரணமில்லாமல் ஒரு அதட்டல் போட்டேன். பிறகு குப்பைப் பையை எடுத்துக்கொண்டு லிப்டுக்குப் போய்ப் புஷ்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் துளிகூட அசரவில்லை: "நான் அப்பவே சொன்னனான்தானே அக்கா, உங்கட மேடம் தங்கமான ஆள் எண்டு."

பிரான்ஸில் என்னவெல்லாம் பார்த்தாய் என்று ஊரில் யாராவது கேட்டால், நான் போன நாள் முதல் வந்த நாள் வரைக்கும் மேடத்தின் முகத்தைத்தான் பார்த்தேன், கோட்டையும் ஆறும் குகையும் அதற்குப் பின்னால் கொஞ்சம் கொஞ்சம் தெரிந்தன என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது.